சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட கெட்டிமேளம்

'இது எல்லோருக்கும் சேர்த்துத்தான்' என்று சொல்லி ஓர் ஆண் வாங்கிவரும் பொருளை வீட்டில் வேறு யாரும் தொட முடியாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. (எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் எனக்கு முன்னால் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஒருவர் டிரெட்மில் வாங்கியிருக்கிறார். அதில் இப்போது அவர் மனைவி அப்பளம் காய வைக்கிறார்.)

பெண்ணாடத்தில் எங்கள் அப்பாவின் கரும்புக் கொல்லை விலைபோனது. அண்ணன் தம்பிகளுக்குப் பிரித்து, வீட்டு மொட்டைமாடி ஒழுகலை அடைத்து, அண்ணாமலை நகரில் படிக்கும் மகளுக்கு ஃபீஸ் கட்டிய பிறகும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. என் வாழ்க்கையில் இன்னதுக்கு என்று யாரும் கேட்டிராத பணம் அதுதான். அரசு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத் தள்ளி வாழ்கிற ஒருவன் கையில் அப்படிப்பட்ட பணம் கிடைத்தால் அவனுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ரசிகன் எழுந்துகொள்வான். என்னுடைய ரசிகன் எழுந்ததோடு நிற்காமல் பல் துலக்கிக் குளித்துப் பட்டுவேட்டியும் கட்டிக்கொண்டான்.

"ஒரு நல்ல ஸ்டீரியோ வாங்கப்போறேன்" என்றேன் கல்பனாவிடம்.

என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "வாங்குங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு வாங்காதீங்க. சுமாரா நாலு வாங்கிடலாம். ஹால்ல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு, பாப்பாவுக்கு ஹாஸ்டல்ல ஒண்ணு, சிதம்பரத்துல அப்பாவுக்கு ஒண்ணு."

இந்த நாலில் அவளுக்கு வேண்டியிருந்தது நாலாவது மட்டும்தான். அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்க மற்ற மூன்றையும் முன்னால் நிறுத்தியிருந்தாள். புத்தகங்களில் வரிகளுக்கு இடையே படிக்கத் தெரிந்தவன் என்று நண்பர்கள் மத்தியில் எனக்குப் பெயர். வீட்டில் வரியையே படிக்கத் தெரியவில்லை.

மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் மகன் இளங்கோ வீட்டில் இருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, பிளேட் வைத்து, வாக்கரோடு பின்கட்டு அறையில் முடங்கியிருந்தார். காலையில் நாதஸ்வரம், மாலையில் கச்சேரி என்று காலமெல்லாம் பாட்டோடு இருந்த மனிதர். அவருடைய பழைய டேப்ரிக்கார்டர் அவருக்கு முன்பே விழுந்து உடைந்துவிட்டது. இப்போது அவர் கேட்பதெல்லாம் மின்விசிறியின் சத்தம்தான். இளங்கோ ஒரு செல்போனில் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்துப் பார்த்தான். மாமா எதையோ அமுக்க, அது கேஸ் ஏஜென்சிக்காரருக்கு வீடியோ காலாகப் போய், இருவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதற்குப் பிறகு மாமா போனைத் தொடவில்லை.

நான் கல்பனாவுக்குப் பதில் சொல்லவில்லை. சொற்பொழிவு ஆற்றினேன். சுமாரானவை பெருகியதால்தான் நாடு இப்படி இருக்கிறது என்றேன். அறைக்கு அறை ஒரு பெட்டி வைத்தால் குடும்பம் துண்டு துண்டாகப் போய்விடும், ஒரே ஒரு சிறந்த ஸ்டீரியோவின் முன்னால் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்றேன். "சுமாரான நாலு ஃப்ரெண்டு வேணுமா, உயிருக்குயிரா ஒரு ஃப்ரெண்டு வேணுமா?" என்று முடித்தேன்.

"உங்களுக்கு ரெண்டும் இல்லியே" என்றாள், துருவலை நிறுத்தாமல்.

"மாமாவை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கார் வெச்சு இங்க கூட்டிட்டு வந்துடலாம்."

"இடுப்புல பிளேட்டு வெச்ச மனுஷருங்க. பாட்டை அவர்கிட்ட அனுப்புறது சுலபமா, அவரைப் பாட்டுகிட்ட அனுப்புறது சுலபமா?"

மறுநாளே சென்னை டீலருக்குப் போன் செய்துவிட்டேன்.

ஸ்டீரியோ வந்து இறங்கியது. இடுப்பளவுக்கு மேல் உயரம், கன்னங்கரேலென்று இரண்டு ஸ்பீக்கர்கள். கல்பனா சுற்றிவந்து பார்த்தாள். "பீரோ நல்லாத்தான் இருக்கு. கதவு எங்க?"

டீலர் அனுப்பிய ஆள் ஹாலை அளந்து, தரையில் ஓரிடத்தில் டேப்பால் பெருக்கல் குறி போட்டான். "நாற்காலி இங்கதான் சார். அரையடி நகந்தாலும் போச்சு. இந்த எடத்துலதான் ரெண்டு பக்கமும் சரியா வந்து சேரும்."

ஒரு நாற்காலி. ஒரு ஆள். குடும்பத்தை ஒன்று சேர்க்க வந்த கருவி இப்படிச் சொன்னது.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேக்கணும்னீங்க?" என்றாள் கல்பனா.

"முறை வெச்சுக் கேக்கலாம்."

"ரேஷன் கடையா?"

சுவர்களில் எதிரொலி அடிக்கிறது, ஜன்னல்களைக் கனமாக மூட வேண்டும் என்றும் அந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். நான் கல்யாண ஜமுக்காளம், பழைய மெத்தைகள், விருந்தாளிப் போர்வைகள் எல்லாவற்றையும் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். தேவனாம்பட்டினத்துக் கடலிலிருந்து சாயங்காலமானால் இலவசமாக வந்துகொண்டிருந்த காற்று, மெத்தையில் முட்டிவிட்டுத் திரும்பிப் போனது. ஸ்டீரியோ ஓடும்போது ஹாலில் பேசக்கூடாது, செல்போன்களை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும், மிக்ஸி கூடாது என்று சட்டங்கள் போட்டேன். குக்கர் விசில் பற்றியும் சொன்னேன். "அதை நீங்களே குக்கர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் கல்பனா.

எங்கள் வீட்டுக்கும் சவரிமுத்து சார் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய அண்ணன் அந்தோணி கல்யாணம் செய்துகொள்ளாதவர். லாரி புக்கிங் ஆபீசில் காலம் முழுவதும் உழைத்து, தம்பியைப் படிக்க வைத்து, இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்து நிமிர்ந்து பார்த்தபோது, இவருக்குப் பெண் தேடலாம் என்று யாருக்கும் தோன்றாத வயதாகியிருந்தது. தினமும் மாலையில் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் "மழை வருமா சார்?" என்பார். சித்திரை மாதத்திலும் அதையேதான் கேட்பார். ஸ்டீரியோ வந்து இறங்கிய அன்று மட்டும் வேறு கேட்டார்.

"சத்தமா வெச்சா எங்க வீட்டுக்கும் கேக்குமா சார்?"

"சான்ஸே இல்லண்ணே. எல்லாத்தையும் அடைச்சுட்டேன்" என்றேன் பெருமையாக.

"அப்படியா" என்றார். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

மாமா வருவதாக ஏற்பாடான ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பனா சொன்னாள்: "அந்தோணி அண்ணனுக்கு ரொம்ப முடியலையாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். காலையிலதான் கொண்டாந்தாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

"மாமா வந்து கேட்டு முடிக்கட்டும். போறேன்."

வாட்ஸ்அப்பில் நான் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். நல்ல காது உள்ளவர்கள் என்று தங்களைத் தாங்களே நம்பும் ஐம்பது வயதுக்காரர்கள் குழு. (அதில் பாதிப் பேருக்கு மனைவி கூப்பிடுவது கேட்காது.) அவர்கள் பொக்கிஷமாகப் பாதுகாக்கும் ஒரு பதிவை எனக்கும் கொடுத்திருந்தார்கள். யாரோ ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடைக்கருகே மைக் வைத்து எடுத்த நாதஸ்வரமும் தவிலும். "நல்ல செட்டுல போட்டீங்கன்னா உங்க வீட்டுலயே கல்யாணம் நடக்குற மாதிரி இருக்கும். பந்தி வாசனையே வரும்" என்றார் குழுவின் தலைவர். புதுப்பொருளை மங்கல இசையோடு ஆரம்பிப்பதுதானே முறை? மாமாவுக்கும் நாதஸ்வரம் உயிர். அதையே தேர்ந்தெடுத்தேன்.

மாமாவை இளங்கோவும் டிரைவரும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து டேப் குறிமேல் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வழியில் ஒவ்வொரு பள்ளமும் அவர் முகத்தில் பதிந்திருந்தது.

"வாங்க மாமா. பிரயாணம் சிரமமா இருந்துச்சா?" என்று எதிரில் நின்று கேட்டேன். அவர் வழக்கம்போல முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "பரவால்ல மாப்ள" என்றார்.

இந்த முகத்திருப்பலைப் பற்றி இரண்டு வார்த்தை. பெண் பார்க்கப் போன நாளிலிருந்து அவர் என்னிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. நான் வாயைத் திறந்தால் அவர் முகம் அந்தப்பக்கம் போய்விடும். பெண்ணாடத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து வந்த குமாஸ்தாவைப் பல்கலைக்கழகத்து மனிதர் எதற்கு ஏறிட்டுப் பார்க்க வேண்டும் என்று நானே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இருபது வருஷத்துக்கும் மேலாக அதை உப்புப்போட்டு ஊறவைத்திருந்தேன். அவ்வளவு பெரிய ஸ்டீரியோவை வாங்கியதில் பாதி எதற்காக என்று இப்போது யோசித்தால், அந்த முகத்தை ஒரே ஒரு தடவையாவது என் பக்கம் திருப்பிவிடத்தான் என்று தோன்றுகிறது.

கதவைச் சாத்தினேன். உள்ளே மாமா, இளங்கோ, நான். செல்போன்கள் எல்லாம் வெளியே. கல்பனா பின்கட்டில் சமையலில் இருந்தாள். நான் ரிமோட்டை அமுக்கினேன்.

சொல்லக்கூடாது, அபாரமாகத்தான் இருந்தது. நாதஸ்வரம் இடப்பக்கம், தவில் வலப்பக்கம். நடுவில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு இடப்பக்கத்து ஸ்பீக்கரைக் கையால் காட்டினார்.

"இந்தப் பொட்டி ஓடலை போலிருக்கே மாப்ள. எல்லாம் ஒரே பக்கத்துலேருந்துதான் வருது."

ஓடிப்போய் அந்தப் பெட்டியில் காதை வைத்தேன். நாதஸ்வரம் செவிப்பறையில் குத்தியது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருவேளை போதவில்லையோ என்று வால்யூமைக் கூட்டினேன்.

"இப்ப மாமா?"

"ஊஹூம். அந்தப் பக்கம்தான்."

மேலும் கூட்டினேன். அப்போது இளங்கோ என்னைப் பார்த்து, தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். பேசக்கூடாது என்பது சட்டம். பையன் சட்டத்தை மதித்துச் சைகையில் பாராட்டுகிறான், காதுக்கு இப்படி ஒரு விருந்து கிடைத்ததே இல்லை என்கிறான் என்று எடுத்துக்கொண்டு நான் அடக்கமாகத் தலையசைத்தேன். அவன் மறுபடி காதைத் தொட்டான். நான் மறுபடி தலையசைத்தேன்.

கதவு திறந்தது. கல்பனா. அவள் வாய் அசைந்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன்.

அவள் மறுபடி ஏதோ சொன்னாள். 'அந்தோணி' என்று மட்டும் உதட்டசைவில் புரிந்தது. போய்ப் பார்க்கவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, 'அப்புறம், அப்புறம்' என்று கையை ஆட்டினேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று கீழே போடுவார்களே, அந்தப் பார்வை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

நான் வால்யூமைக் கூட்டினேன். இப்போது தரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த புத்தக அலமாரியின் கண்ணாடி கிணுகிணுத்தது. மாமாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தன. பதிவில் யாரோ ஒரு பெரியவர் தொண்டை கிழியக் கத்தினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில் இடித்தது. நாதஸ்வரம் வீறிட்டது. எங்கள் வீட்டிலேயே கல்யாணம் நடக்கிற மாதிரிதான் இருந்தது. குழுவின் தலைவர் பொய் சொல்லவில்லை.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கல்பனா பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். (எனக்குச் சொல்லவில்லை. தன் தம்பி இளங்கோவுக்குப் போனில் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.)

அந்தோணி அண்ணன் உயிர் கொஞ்சம் முன்னால்தான் பிரிந்திருந்தது. கோயிலில் துக்க மணி அடித்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. நாங்கள் மூன்று பேர்தான் மெத்தைக்குள் இருந்தோம். கல்பனா எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, பின்வாசல் வழியாக அங்கே போய்ப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். ஃபாதர் வந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அப்போது சுவரிலிருந்து நாதஸ்வரம் வந்திருக்கிறது. பக்கத்துத் தெரு மண்டபத்தில் கல்யாணம் போலிருக்கிறது என்று முதலில் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். சத்தம் ஏற ஏற ஃபாதரும் குரலை ஏற்றியிருக்கிறார். கெட்டிமேளம் வந்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கல்பனாவைத் திரும்பிப் பார்த்தார். ஊருக்கே கேட்கும் குரல். "ஏம்மா, அது உங்க வீட்டுலேருந்துதான வருது?"

"ஆமாங்க."

"நீ இங்க உக்காந்திருக்க. உன் வூட்டுக்காரரு அங்க யாருக்குத் தாலி கட்டுறாரு?"

சாவு வீட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டு, அதற்காகவும் சேர்த்து அழுதார்கள்.

ஹால் கதவு மறுபடி திறந்தது. கல்பனா என்னைப் பார்க்கவே இல்லை. நேராக நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். கெட்டிமேளம் பாதியில் நின்றது. ஜன்னலில் தொங்கிய மெத்தையைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. வெளிச்சமும் காற்றும், அவற்றோடு சேர்ந்து பக்கத்து வீட்டு அழுகையும் உள்ளே வந்தன.

"அந்தோணி அண்ணன் செத்துட்டாரு" என்றாள்.

"ஏன்மா நிறுத்திட்ட?" என்றார் மாமா. "இப்பதான் நல்லா கேட்டுச்சு."

போகாமல் இருக்க முடியாது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இருபதடி தூரம். அந்தத் தெருவில் அவ்வளவு கண்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட என்னை இப்படி யாரும் பார்த்ததில்லை.

அந்தோணி அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். மழை வருமா என்று கேட்கும் அதே முகம். தலைமாட்டில் சவரிமுத்து சார் நின்றிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார்... எனக்குத் தெரியாது சார். ஜன்னலெல்லாம் மூடியிருந்ததால..."

"பரவால்ல சார்" என்றார். அண்ணனைப் பார்த்தபடியே சொன்னார்: "வூட்டுல எல்லார் கல்யாணத்துக்கும் இவருதான் மேளம் சொன்னாரு. இவருக்குன்னு ஒருநாளும் அடிக்கல. போறப்ப கேட்டுட்டுப் போறாரு, வுடுங்க."

அதைக் கோபத்தில் சொன்னாரா, துக்கத்தில் சொன்னாரா, என்னை மன்னித்துச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

பக்கத்தில் பிணம் கிடக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். மாமாவுக்காகக் கல்பனா பார்த்துப் பார்த்துச் செய்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. மாமா சர்க்கரை நோயாளி, பசியோடு எத்தனை நேரம் இருப்பார்? வழியில் ஹோட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன் என்று இளங்கோ கிளம்பினான். அவரைக் காரில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான். (நான் அவனுக்கு மாமா.)

"சொல்லிச் சொல்லிப் பாத்தேன் மாமா, நீங்க தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க. அப்பாவுக்கு இடது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுல சீழ் வெச்சுப் போயிடுச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது மச்சான்."

"அதான யாரு பேசினாலும் வலது காதைக் குடுக்குறாரு?"

வலது காதைக் கொடுக்க வேண்டுமானால் முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். எனக்கு இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. என்னைப் பார்த்து முகம் திருப்பிய ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் தன்னிடம் இருந்த ஒரே நல்ல காதை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு நான் இரண்டு காதுக்கும் சத்தம் சரியாக வந்து சேர வேண்டிய நாற்காலியை அரையடி பிசகாமல் போட்டுக் கொடுத்தேன். தலைமாட்டில் ஒற்றைப் பெட்டி ஒன்று, எவ்வளவு சுமாரானதாக இருந்தாலும், அவருக்கு முழு உலகமாக இருந்திருக்கும்.

கார் கண்ணாடியை இறக்கி மாமா என்னைக் கூப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அந்த இன்னொரு பொட்டியை மட்டும் ரிப்பேர் பண்ணி வைங்க மாப்ள. அடுத்த வாரம் வரேன்."

வரவில்லை. கார் குலுக்கலில் இடுப்புவலி அதிகமாகி, டாக்டர் இனிமேல் எங்கும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கல்பனா என்னோடு சண்டை போடவில்லை. அந்த வாரமே தனியாகப் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், கீழவீதியில் ஒரு கடையில், தன் கைக்காசில் கைக்கடக்கமான ஒற்றைப் பெட்டி ஒன்று வாங்கி, கட்டிலுக்கு வலப்பக்கம் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தாள். எனக்கு இது தெரியாது. மாமா இளங்கோவைப் போன் போட்டுத் தரச்சொல்லிப் பேசியபோதுதான் தெரிந்தது. அவரே என்னைப் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மாப்ள, நீங்க குடுத்தனுப்பின பொட்டி ரொம்ப நல்லாயிருக்கு."

நான் கல்பனாவைப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வூட்டுப் பெரிய செட்டு மாதிரி இல்ல. இது ஒண்ணுதான், ஆனா முழுசா கேக்குது. உங்களுக்குத்தான் என்னைப் பத்தி நெனப்பு ஜாஸ்தி மாப்ள."

"இருக்கட்டும் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கல்பனாவிடம் ஏன் என் பேரைச் சொன்னாய் என்று கேட்டேன். "உங்களை ஒருநாளாவது நல்லவருன்னு நெனச்சுட்டுப் போகட்டுமேன்னுதான்" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி மழையில் மாமா போய்விட்டார். காலையில் இளங்கோ காப்பி கொண்டுபோனபோது பெட்டி பாடிக்கொண்டிருந்ததாம்.

அந்தப் பெட்டி இப்போது எங்கள் அடுப்படியில், பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிக்ஸி ஓடும்போதும் பாடுகிறது. குக்கர் விசிலடித்தாலும் கோபித்துக்கொள்வதில்லை. ஹாலில் என் பெரிய ஸ்டீரியோவும் இருக்கிறது. அந்தோணி அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று குறைத்துக் குறைத்து, கடைசியில் எனக்கே கேட்கவில்லை. இடப்பக்கத்து ஸ்பீக்கர் மேல் கல்பனா கஞ்சி போட்ட புடவைகளை வைக்கிறாள்.

போன வருஷம் சவரிமுத்து சார் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். மரியாதையாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "மேளத்துக்கு நாங்களே சொல்லிட்டோம் சார். நீங்க சும்மா கையை வீசிக்கிட்டு வந்தாப் போதும்." அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முகூர்த்த நேரத்தில் இது நடந்தே தீரும். மேடையில் ஒருவர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்பார். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மொத்த வரிசையும் மணமக்களை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். பின்வரிசையிலிருந்து இளங்கோ, "மாமா, வால்யூமைக் கொஞ்சம் கொறைங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் காதில் சொல்ல, அவர்களும் ஒரு சுற்று தாமதமாகச் சிரிப்பார்கள். கல்பனா மட்டும் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருப்பாள்.

நான் முகத்தை இடப்பக்கமாகத் திருப்பிக்கொள்வேன். குடும்பத்துக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளைகள், இந்த ஆளுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்கிறார்களாம்.